செம்மண், களிமண், உப்புக்காற்று

பண்ருட்டி நான்குமுனைச் சந்திப்பிலிருந்து கும்பகோணத்துக்கு நெடுஞ்சாலை போகிறது. விக்கிரவாண்டி முதல் தஞ்சாவூர் வரை அதை நான்குவழியாக்கும் வேலை வருஷக்கணக்கில் இழுத்ததை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தோண்டிப் போட்ட பள்ளம், கொட்டிய ஜல்லி, எச்சரிக்காமல் எதிர்ப்பக்கம் திருப்பிவிடும் பலகை என்று எல்லாம் பார்த்துச் சலித்தவர்கள்தான் ஊர்களுக்குள் புகுந்து போகும் சின்னச் சாலைகளைப் பழகிக்கொண்டார்கள். கூட்டமாக பைக்கில் கிளம்பும் எங்களுக்கும் அந்தச் சாலைகள் அப்படித்தான் அறிமுகமாயின. நெடுஞ்சாலை எப்படி இருந்தாலும் இப்போது அதில் ஏற மனம் வருவதில்லை.

எங்கள் கூட்டத்துக்குப் பெயரும் கிடையாது, முதுகில் படம் போட்ட ஜாக்கெட்டும் கிடையாது. ஒரு கிளாசிக் 350, ஒரு ஹிமாலயன், இரண்டு ஸ்ப்ளெண்டர், ஒரு பல்சர், உயிரைக் கொடுத்துக் காப்பாற்றி வைத்திருக்கும் ஒரு ஆர்எக்ஸ் 100. இவற்றுக்கெல்லாம் முன்னால் வழிகாட்டிப் போவது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். அதை ஓட்டும் தம்பிக்குக் காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்பு உண்டு. கைப்பேசி வரைபடம் காட்டாத வண்டித்தடமெல்லாம் அவனுக்குத் தெரியும். அவன் முன்னால் போவதில் இன்னொரு வசதி, கூட்டத்தின் வேகம் தானாகவே நாற்பதுக்குள் நின்றுவிடும். ஹிமாலயன்காரர் ஆரம்பத்தில் முகம் சுளித்தார். இந்தச் சாலைகளில் நாற்பதுக்கு மேல் போனால் எதையும் பார்க்க முடியாது, எதற்காகவும் நிற்கவும் முடியாது என்று பிறகு அவரே சொல்ல ஆரம்பித்தார்.

இந்தப் பயணங்களில் எனக்குப் படிந்த எண்ணம் ஒன்று உண்டு. பண்ருட்டியிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ஒரே நாளில் மூன்று வகை மண்ணைக் கடக்கிறோம். பண்ருட்டியைச் சுற்றிச் செம்மண் மேடு. குறிஞ்சிப்பாடி தாண்டினால் களிமண் வயல். பரங்கிப்பேட்டைப் பக்கம் கடல் மணலும் உப்புக்காற்றும். வண்டியில் ஒவ்வொன்றும் பிடிப்பது ஒவ்வொரு இடத்தை. சர்வீஸ் புத்தகத்தில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தரம், ஆறாயிரத்துக்கு ஒரு தரம் என்று போட்டிருப்பது எல்லா ஊருக்கும் பொதுவான கணக்கு. நம் ஊர் மண்ணுக்குக் கணக்கு வேறு.

கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம் ஆளாளுக்குத் தன் வண்டியைத் தானே பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குள் இருக்கும் ஒரே சட்டம். மெக்கானிக்கிடம் விட்டு எடுத்து வந்தேன் என்ற பதில் செல்லாது. முதலில் செயின். கீழ்ப்பக்கம் நடுவில் விரல் வைத்து ஆட்டினால் பெரும்பாலான வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. லூஸாக இருந்தால் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இழுத்துக் கட்டிய செயின்தான் ஆபத்து. பள்ளத்தில் இறங்கி ஷாக் அப்சார்பர் அமுங்கும்போது அது இன்னும் விறைத்து, கியர் பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும். சாலை மோசம் என்றால் செயினை இறுக்கிவிடுவது நம் ஊரில் ஒரு பழக்கம். அது தப்பு. செயினைச் சரிசெய்தவர்கள் அடுத்ததாகப் பின் பிரேக்கைப் பார்க்காமல் எழுந்துவிடுவதும் உண்டு. டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் கொஞ்சம் பின்னால் நகர்ந்தாலே பிரேக் கம்பி இழுபடும். பெடலை மிதிக்காமலேயே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கும். பத்து கிலோமீட்டர் போனதும் டிரம்மில் கை வைக்க முடியாது.

அடுத்தது காற்று. டயர் ஆறியிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும், வெயிலில் ஓடிய டயர் கூடுதலாகக் காட்டும். எத்தனை வைக்க வேண்டும் என்பது செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டிய தாளில் இருக்கும். பெட்ரோல் பங்க் பையனிடம் கேட்க வேண்டியதில்லை, அவன் எல்லா வண்டிக்கும் ஒரே அளவுதான் வைப்பான். ஆயிலை வண்டி நேராக நிற்கும்போது பார்க்க வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்த்து வைத்துப் பார்த்து, குறைவாக இருக்கிறது என்று மேலும் ஊற்றியவர்கள் உண்டு. கிளட்ச் கேபிளை லீவர் முனையில் பிரித்துப் பார்த்தால் போதும், அறுகிற கேபிள் முதலில் ஒரு இழையை அங்கேதான் விடும். ஆர்எக்ஸ்காரர் பழைய கேபிளோடு புதுக் கேபிளையும் சேர்த்தே ஓட்டிக் கட்டி வைத்திருக்கிறார். அறுந்தால் இரண்டு முனையை மாற்றினால் போதும். டூ ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் முன்ஜாக்கிரதையை அனுபவத்தில் கற்றவர்கள். ஆர்எக்ஸ் 100 இங்கே 1985இல் வந்து 1996இல் நின்றுபோன வண்டி. அதை இன்றும் ஓட்டுகிறவன் பாதி மெக்கானிக்காக இல்லாமல் இருக்க முடியாது.

புறப்படுவது எப்போதும் திருவதிகைக் கோயில் வாசலிலிருந்து. கெடிலக்கரைக் கோயில், அட்ட வீரட்டானங்களில் ஒன்று. திலகவதியார் தம்பியைத் திரும்ப வரவழைத்ததும், சூலைநோய் தீர்ந்து அவர் திருநாவுக்கரசர் ஆனதும் இங்கேதான். அவர் பிறந்த திருவாமூரும் பண்ருட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் வண்டிக்காரர்களுக்கு இந்தத் தலத்தில் இன்னொரு கதை பொருந்தும். சிவன் திரிபுரம் எரித்த வீரட்டம் இது. பூமியே தேர், சூரிய சந்திரர் சக்கரம், வேதங்கள் குதிரை, பிரம்மா சாரதி. அவ்வளவு ஏற்பாட்டோடு கிளம்பிய தேரின் அச்சு அச்சிறுப்பாக்கத்தில் முறிந்தது என்கிறது தலபுராணம். பிள்ளையாரைக் கும்பிடாமல் புறப்பட்டதுதான் காரணமாம். புறப்படுமுன் அச்சைப் பார்க்காததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எங்கள் ஸ்ப்ளெண்டர்காரர் ஒவ்வொரு தரமும் சொல்வார். ஒவ்வொரு தரமும் சிரிக்கிறோம்.

விடிவதற்குள் தோப்புகளுக்குள் இறங்கிவிட வேண்டும். பணிக்கன்குப்பம், மாளிகம்பட்டு, காடாம்புலியூர், முத்தாண்டிக்குப்பம். சித்திரையில் இந்தச் சாலைகளில் போகிறவனுக்கு மூக்கு ஒன்று போதும், பலா பழுத்த வாசனையும், எங்கேயோ முந்திரிக்கொட்டை வறுபடும் காரப்புகையும் மாறி மாறி வரும். பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் 2025இல் புவிசார் குறியீடு வாங்கியவை. மாளிகம்பட்டில் ஆயிரங்காச்சி என்று ஊரே அழைக்கும் பழைய பலாமரம் ஒன்று இருக்கிறது. அடிமரத்தைச் சுற்றிக் காய் தொங்குவதைப் பார்க்கவே தனியாக ஒருமுறை வரலாம்.

இங்கே சாலையின் ராஜா டிவிஎஸ் எக்ஸ்எல்தான். முன்னால் இரண்டு பலாப்பழம், பின்னால் நான்கைந்து, நடுவில் மடித்த காலோடு ஒரு மனிதர். ஒவ்வொரு பழமும் பத்து கிலோவுக்குக் குறையாது. கியர் கிடையாது, கிளட்ச் லீவர் கிடையாது, செம்மண் தடத்தில் ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். 1980இல் டிவிஎஸ் 50 என்று வந்த மொபெட்டின் வழித்தோன்றல் இது. சாகச வண்டி என்று விளம்பரம் செய்து லட்சங்களில் விற்கும் எந்த வண்டியும் அன்றாடம் இந்த வேலையைச் செய்யாது. ஹிமாலயன்காரர் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார். வரட்டும்.

தோப்புகளில் சில இடங்களில் மரங்கள் எல்லாம் ஒரே வயதாக நிற்கும். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியதன் அடையாளம் அது. தாத்தா நட்ட முந்திரியும் பலாவும் ஒரே காலைப்பொழுதில் வேரோடு சாய்ந்தன. முந்திரி ஒட்டுக்கன்று சில வருஷத்தில் காய்த்துவிடும். பலாவுக்கு அத்தனை அவசரம் இல்லை. நம் எக்ஸ்எல் தம்பி அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். விழுந்த மரங்களை அறுத்து வழியெடுக்கவே நாட்கணக்கில் ஆனதாம். இப்போது நாங்கள் போகிற நிழல் முழுக்க அதற்குப் பிறகு வளர்ந்தது.

செம்மண் பார்க்க அழகு. தார் ஓரத்தில் பரவிக் கிடக்கும் அந்தப் பொடி மண்ணில் முன் பிரேக்கை அழுத்தினால் வண்டி படுத்துவிடும். கூட்டமாகப் போகையில் முன் வண்டி கிளப்பும் புழுதியைப் பின் வண்டி குடிக்கிறது. ஆகவே கடைசி வண்டியின் ஏர் ஃபில்டர்தான் முதலில் அடைபடும். முழுக்க மூச்சடைத்த பிறகுதான் அது தெரியவரும். இழுவை குறையும், மைலேஜ் குறையும், பிளக்கைக் கழற்றினால் கரி படிந்திருக்கும். நல்ல பிளக்கின் முனை காப்பித்தூள் நிறத்தில் இருக்க வேண்டும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்றால் அலசிக் காயவைத்து, லேசாக ஆயில் தடவிப் போட்டுவிடலாம். எண்ணெய் தோய்த்த காகித ஃபில்டரை ஊதவும் கூடாது, கழுவவும் கூடாது, மாற்றத்தான் வேண்டும். செயினுக்கும் இதே கதை. நிறைய எண்ணெய் விட்டால் நல்லது என்று வழிய வழிய ஊற்றிவிட்டுச் செம்மண்ணில் இறங்கினால், மண்ணும் எண்ணெயும் கலந்து உப்புத்தாள் போல ஸ்ப்ராக்கெட்டைத் தேய்த்துவிடும். எண்ணெய் விட்டு, பத்து நிமிஷம் ஊறவிட்டு, வெளியே இருப்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும்.

நெய்வேலியை ஓரமாகக் கடந்தோம். 1956இல் தொடங்கிய நிலக்கரி நிறுவனத்தின் சுரங்க மேடுகள் தூரத்தில் மலை மாதிரி தெரியும். சாம்பல் லாரிகளுக்குப் பின்னால் போவதில் சுகம் ஒன்றுமில்லை.

வடலூரில் நிற்பது பசிக்காக. வள்ளலார் 1867இல் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிகிறது. யார் என்று கேட்காமல் சோறு போடுகிறார்கள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். 1872இல் திறந்த எண்கோணச் சத்திய ஞானசபை அதற்குப் பக்கத்துப் பெருவெளியில் நிற்கிறது. இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சைலன்சரை மாற்றிப் போட்டு டபடபவென்று அடித்துக்கொண்டு போகும் கூட்டங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வழியே வருகின்றன. சத்தத்தில் வண்டியின் பலம் ஒரு இம்மியும் கூடுவதில்லை. சட்டப்படியும் குற்றம். தூளியில் தூங்கும் குழந்தைகளும் கயிற்றில் கட்டிய மாடுகளும் இருக்கும் தெருக்கள் இவை. ஊர்க்காரர்கள் நம்மை முறைத்துப் பார்ப்பது அந்தக் கூட்டங்கள் சேர்த்துவைத்துவிட்டுப் போன கோபம்.

குறிஞ்சிப்பாடி தாண்டியதும் நிலம் தாழ்கிறது. பெருமாள் ஏரிப் பக்கம் வரும்போது செம்மண் போய் வெடித்த களிமண் வயல்கள். சம்பா அறுத்த தாளடியில் விதைத்த உளுந்தைப் பங்குனி, சித்திரையில் பிடுங்கிச் சாலையிலேயே பரப்பிவிடுகிறார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறிக் காய் வெடித்து மணி உதிரும். களத்துக்கு வாடகை இல்லை. செடி மேல் பைக் ஏறினால் சக்கரம் வழுக்கும், தண்டு செயினில் சுற்றும், கிளாசிக்கின் சூடான சைலன்சரில் சருகு ஒட்டிக் கருகும். ஏழு வண்டி வரிசையாக வந்தால் அந்த அம்மாவுக்கு ஏழு கூலியாள் இலவசம். எக்ஸ்எல் தம்பி கையை உயர்த்தி வேகத்தைக் குறைக்கச் சொன்னான். சாலையில் உளுந்தைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா, "ஓரமா போவாதப்பா, நடுவுல ஏத்திக்கினு போ" என்றார். நடுவில் ஏற்றிக்கொண்டுதான் போனோம், பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரைச் சீராகப் பிடித்து, ஒருவர் பின் ஒருவராக.

அகன்ற சாலையில் கூட்டமாகப் போகும்போது ஒரு வண்டி இடப்பக்கம், அடுத்தது வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போவார்கள். நம் முன்னால் நேராகப் போகிற வண்டிக்கும் நமக்கும் இரண்டு நொடி இடைவெளி. இந்த ஒற்றைச் சாலைகளில் அது உதவாது, ஒரே வரிசைதான். எதிரில் கரும்பு டிராக்டர் வரும். நெல்லிக்குப்பம் ஆலை அரைக்கும் பருவத்தில் இரண்டு டிரெய்லர் கரும்போடு, பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் போகும் டிராக்டர்கள் எத்தனையோ. அதைத் தாண்டுவதை அவரவர் கண்ணால் பார்த்து அவரவர் முடிவு செய்ய வேண்டும். முன்னால் போனவன் தாண்டிவிட்டானே என்று பின்னால் வருபவன் கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் எடுப்பதுதான் கூட்டப் பயணத்தில் ஆளைக் கொல்லும் பழக்கம். நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு எளியது. ஒவ்வொருவரும் கண்ணாடியில் தனக்குப் பின்னால் வரும் ஒரு வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது தெரியவில்லை என்றால் மெதுவாகப் போக வேண்டும், பிறகும் தெரியவில்லை என்றால் நிற்க வேண்டும். இப்படி நின்றால் முன்னால் போகிறவரும் நிற்பார், அவருக்கு முன்னால் போகிறவரும் நிற்பார். ஒரு திருப்பத்தில் வழி பிரிந்தால் இரண்டாவது வண்டி அங்கே நின்று எல்லோரையும் அனுப்பிவிட்டு, கடைசி வண்டிக்கு முன்னால் சேர்ந்துகொள்ளும். கடைசி வண்டியில் எங்களில் மிக நன்றாக ஓட்டத் தெரிந்தவர் இருப்பார், டியூபும் லீவரும் பம்பும் அவரிடம்தான். வேகமாக ஓட்டுகிறவனை முன்னால் விடும் கூட்டங்கள் பாதியில் சிதறிப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

புவனகிரிக்கு முன்னால் கிளாசிக்கின் பின் சக்கரம் சீமைக்கருவேல முள்ளை வாங்கியது. கம்பிச் சக்கரம், டியூப் டயர். டியூப்லெஸ் என்றால் திரி குத்தி ஐந்து நிமிஷத்தில் கிளம்பியிருக்கலாம். அரச மரத்தடியில் ஒரு பஞ்சர் கடை அகப்பட்டது. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார்.

"எத்தினி வண்டி தம்பி?"

"ஏழுண்ணா."

"ஏழுக்கும் சேத்து டியூப் எத்தினி வச்சிருக்கீங்க?"

"ஒண்ணு."

"அதுவும் எந்த வண்டிக்கு?"

அது ஸ்ப்ளெண்டருக்கு. அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி, டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வந்த இடத்தை அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காயும்வரை காத்திருந்தார். ஒட்டினதோடு விடவில்லை. டயரின் உட்பக்கம் முழுக்க விரலால் தடவிப் பார்த்து, முறிந்து உள்ளே நின்ற முள்முனையைக் குறட்டால் பிடுங்கிக் காட்டினார். அவசரக்காரர்கள் விட்டுவிடும் வேலை அதுதான். விட்டால் அடுத்த ஊரில் மறுபடி அதே இடத்தில் காற்று இறங்கும். வால்வு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினார். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளைப் பற்றிக் கேட்டேன். "கார்ப்ரேட்டர் இருந்தா தொறந்து பாத்துடுவேன். இதுல லைட் எரிஞ்சா லேப்டாப் கேக்குது. நான் எங்க போறது?" என்றார். பின்சாலையில் போகிறவர்கள் புது வண்டி வாங்கும்போது யோசிக்க வேண்டிய கேள்வி அது. பேட்டரி கம்பி, ஃபியூஸ், சைடு ஸ்டாண்டு சுவிட்ச் ஆகிய மூன்றையும் சொந்தமாகச் சோதிக்கத் தெரிந்துவைத்துக்கொண்டால் நின்றுபோன புது வண்டிகளில் பலவற்றை வீடு சேர்க்கலாம்.

பி.முட்லூர் வழியாகப் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1 அன்று ஐதர் அலியின் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் மோதிய நிலம் இது. 1830களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் மரக்கரி உலை வைத்து இரும்பு உருக்கப் பார்த்ததும் இங்கேதான். நாட்டின் முதல் நவீன இரும்பாலைகளில் ஒன்று. தாது சேலம் பக்கத்தது, கரிக்கு எரிந்தது காடு. ஆலை நிலைக்கவில்லை. இரும்பின் மேல் இந்த ஊர்க் காற்று என்ன செய்யும் என்பதை நம் வண்டிகளே சொல்லும். வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தால் டிஸ்க் மேல் துரு நிறம் பூக்கும், அது பிரேக் பிடித்ததும் போய்விடும். போகாதது ஸ்போக் முனையிலும் கேபிள் உறைக்குள்ளும் ஒயர் இணைப்புகளிலும் உட்காருவது. ஊர் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, செயினுக்கும் லீவர் முனைகளுக்கும் எண்ணெய் காட்டிவிட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று உப்போடு விட்டால் இரண்டு மழைக்குள் கேபிள் முறுகும். பிச்சாவரம் போகவில்லை. விடுமுறை நாளில் படகுத்துறைக் கூட்டத்தில் நிற்பதைவிட முகத்துவாரத்தில் வலை உலர்த்துகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பது மேல்.

சிதம்பரத்தில் கத்தரிக்காய் கொத்சு சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழ்ந்ததும் காட்டுமன்னார்கோவில் சாலை, லால்பேட்டை, அங்கிருந்து வீராணம் ஏரிக்கரை. கல்கியின் பொன்னியின் செல்வன் தொடங்குவது இந்தக் கரையில்தான். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். நெடுந்தூரம் வந்த குதிரைக்கு அலுப்பு, அது மெதுவாக நடக்கிறது, அவனும் முடுக்குவதில்லை. ஓட்டுகிறவன் வண்டியின் நிலைமை அறிந்து போக வேண்டும் என்பதை 1950இலேயே வாரப்பத்திரிகையில் எழுதிவிட்டார்கள். முதலாம் பராந்தகன் காலத்து ஏரி. கீழணையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரித் தண்ணீர் வருகிறது. மொத்த நீர்மட்டம் 47.50 அடி. 2004 முதல் சென்னைக்கும் இங்கிருந்து குடிநீர் போகிறது. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பள்ளத்தில் வயல், நடுவில் நாங்கள் போகும் கரைச்சாலை. மழைக்காலத்தில் டிராக்டர் சக்கரம் வயலிலிருந்து இழுத்துவந்து போடும் களிமண் இங்கே தாரின் மேல் சோப்பாகக் கிடக்கும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பி, சக்கரத்தையே நிறுத்திவிடும். ஒரு குச்சியும் ஐந்து நிமிஷமும் இருந்தால் போதும், ஆனால் நிறுத்திச் சுரண்டத்தான் வேண்டும். காய்ந்துவிட்டால் சுத்தியல் கேட்கும்.

கரை முடிந்து சேத்தியாத்தோப்பு. அங்கே நெடுஞ்சாலை வருகிறது. பண்ருட்டிக்கு அதிலேயே திரும்பலாம், இருட்டில் பின்சாலை வேண்டாம்.

இந்த வழியில் வர நினைப்பவர்களுக்கு: பங்குனியிலிருந்து ஆனிக்குள் வாருங்கள், பலா இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளச் செய்தி பார்க்காமல் கிளம்பாதீர்கள், கடலூர் மாவட்டத்துக்குத் தண்ணீர் எல்லாத் திசையிலிருந்தும் வரும். உங்கள் வண்டிக்கான டியூபை நீங்களே கொண்டுவாருங்கள். ஞாயிறு மத்தியானத்துக்குமேல் கிராமத்துப் பஞ்சர் கடைகள் பெரும்பாலும் சாத்தியிருக்கும்.